அக்காவின் கையில் அக்கி

சேலத்திலிருந்து ஆத்தூர் போகிற பஸ்ஸில் ஏறி எங்கள் ஆஸ்பத்திரி நிறுத்தத்தின் பெயரைச் சொன்னால், கண்டக்டர் டிக்கெட்டை ஒரு ஓரத்தில் நுனிவிரலால் பிடித்து நீட்டுவார். நான் அங்கே லேப் டெக்னீஷியன், நோயாளி இல்லை என்று ஒவ்வொரு கண்டக்டருக்கும் விளக்கிக்கொண்டிருக்க எனக்குப் பொறுமை கிடையாது. வேண்டுமென்றே என் விரல் அவர் விரலில் படும்படி வாங்குவேன். அவர் முகம் போகிற போக்கைப் பார்ப்பதில் எனக்கு ஒரு அற்ப சந்தோஷம்.

அது தொழுநோய் ஆஸ்பத்திரி. எழுபதுகளின் கடைசியில் லேப் படிப்பை முடித்துவிட்டு வேலை தேடியபோது முதலில் கூப்பிட்டது அதுதான். நாமக்கல் பக்கம் எங்கள் ஊரில் அப்பாவும் அம்மாவும், "பொண்ணு சேலத்துல பெரிய ஆஸ்பத்திரில இருக்குதுங்" என்பதோடு பேச்சை நிறுத்திக்கொள்வார்கள். எந்த ஆஸ்பத்திரி என்று யாராவது துருவினால் அப்பாவுக்கு உடனே மாட்டுக்குத் தண்ணீர் காட்டுகிற வேலை வந்துவிடும். என்னைப் பெண் பார்க்க வருவதாக இருந்தவர்களும் விஷயம் தெரிந்ததும் ஒவ்வொருவராக நின்றுபோனார்கள். எனக்கு அதில் பெரிய வருத்தம் இருந்ததாக நினைவில்லை. என் வருத்தமெல்லாம் வேறு. என் அக்காவின் வலது கையைக் காப்பாற்ற முடியாமல் போனதுதான் என் வருத்தம்.

அக்காவைச் சேந்தமங்கலத்துக்குப் பக்கத்தில் கொடுத்திருந்தார்கள். மரவள்ளியும் நிலக்கடலையும் விளைகிற செம்மண் பூமி, எழுந்து நின்றால் கொல்லிமலை தெரிகிற வீடு. ஒரே ஒரு பெண் குழந்தை. மாமியார் வாயும் கையும் ஓயாத மனுஷி. மச்சான் அதிகம் பேசமாட்டார். அக்கா அந்த வீட்டில் நன்றாகத்தான் இருந்தாள்.

ஒருநாள் யாருக்கும் சொல்லாமல் என் அறைக்கு வந்து நின்றாள். ரவிக்கைக் கைக்கு அடியில், முழங்கையை ஒட்டி, வெளுத்த படை ஒன்று இருந்தது. அதன்மேல் புதிதாக ஒரு கொப்புளம்.

"சுடுகஞ்சி கொட்டிப்போட்டுது கண்ணு. ஒண்ணுமே தெரியல. அதான் உங்கிட்டக் காட்டலாம்னு வந்தேன்."

"எத்தன நாளா இருக்குது இது?"

"தேமல்னு உட்டுப்போட்டேன். வருஷத்துக்கு மேல இருக்கும்."

தினமும் அந்தப் படையைத்தான் நான் பார்த்துக்கொண்டிருந்தேன், ஆனால் மற்றவர்கள் உடம்பில். என் வேலையே அதுதான்: காது மடலில் சின்னதாகக் கீறி, வழித்து, கண்ணாடியில் தேய்த்து, சாயமிட்டு, கிருமியைத் தேடுவது. அக்காவைக் கூட்டிக்கொண்டுபோய் உட்காரவைத்தேன். "தோட்டைக் கழட்டோணுமா? அத்தை கேப்பாங்களே" என்று தயங்கினாள். கழற்றி என் கையில் கொடுத்தாள். அவள் காதை நானே கீறினேன். வேறொருவரை விட்டுக் கீற மனம் வரவில்லை.

கிருமி இருந்தது.

எங்கள் டாக்டரம்மா மெட்ராஸ்காரர். வெளிநாட்டில் படித்துவிட்டு, நல்ல வேலைகளையெல்லாம் விட்டுவிட்டு எங்கள் பொட்டல்காட்டுக்கு வந்தவர். அவர் அக்காவின் முழங்கையைத் தடவிப் பார்த்தார். உள்ளே நரம்பு கயிறு போலத் தடித்திருந்தது.

"பயப்படாதீங்க. இப்ப புது மருந்து வந்திருக்கு, கிருமி செத்துடும்," என்றார். "ஆனா ஒண்ணு மட்டும் ஞாபகம் வெச்சுக்குங்க. இந்தப் படை என்னைக்காவது சிவந்தாலோ, வீங்கினாலோ, சுண்டுவிரல் மரத்தாலோ, அன்னைக்கே பஸ் ஏறி வந்துடணும். நாளைக்குன்னு வெக்கக் கூடாது. அதுக்கு வேற மாத்திரை இருக்கு. உடனே குடுத்தா கை தப்பிச்சுடும். தாமதமானா விரல் மடங்கிடும், அப்புறம் நிமிராது."

அக்கா தலையை ஆட்டினாள். நானும் அதையே நாலு விதமாகத் திருப்பிச் சொன்னேன்.

மச்சானை வரவழைத்துச் சொன்னோம். ஆஸ்பத்திரி வேப்பமரத்தடியில் வெகுநேரம் குந்தியிருந்தார். கடைசியில், "என்ற அம்மாளுக்குத் தெரிஞ்சா ஊட்டுக்குள்ள சேக்கமாட்டாங்க. கொழந்தையயும் குடுக்கமாட்டாங்க," என்றார். "கை காலுல ஒண்ணும் வெளிய தெரியாம முடிஞ்சுபோச்சுன்னா ஒருத்தருக்கும் சொல்ல வேண்டியதில்ல. அப்படி முடியுமுங்களா?"

அவர் மேல் எனக்கு அன்று வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. ஆனால் அவர் சொன்னதில் பொய் இல்லை. கை நேராக இருந்தால் அக்காவுக்கு வீடு உண்டு, மகள் உண்டு. விரல் மடங்கினால் இரண்டும் இல்லை. எங்கள் ஊர்களில் வியாதியைக் கிருமியில் யாரும் பார்ப்பதில்லை, விரலில்தான் பார்ப்பார்கள்.

அக்கா மாதாமாதம் என்னைப் பார்க்க வருவதாகச் சொல்லிக்கொண்டு வருவாள். எங்கள் கண்ணெதிரே விழுங்க வேண்டிய மாத்திரைகளை விழுங்குவாள். வீட்டில் தினமும் போட வேண்டியதை ராகிப் பானைக்குள் பதுக்கிவைத்திருந்தாள். அதில் ஒரு குளிகை தோலைக் கருக்கச் செய்யும். "உன்ற அக்கா காட்டுவேலை செஞ்சு கருத்துப்போயிட்டா, பாவம்" என்று மாமியார் என்னிடமே ஒருமுறை குறைப்பட்டார். அவர் பேச்சில் கள்ளம் கிடையாது. அதுதான் எங்களை இன்னும் பயமுறுத்தியது.

அந்தச் சமயத்தில்தான் டாக்டரம்மாவுக்கு வெளிநாட்டிலிருந்து ஆராய்ச்சிக்கென்று சில ஆன்டிபாடிகள் வந்தன. ஒரு நண்பர் விமானத்தில் கொண்டுவந்து மெட்ராஸில் கொடுக்க, நான் போய் ஐஸ் நிரப்பிய பிளாஸ்க்கில் வைத்து ரயிலில் மடியிலேயே சுமந்துவந்தேன். சுண்டுவிரல் நுனி அளவுக் குப்பிகள். உள்ளே பச்சைத் தண்ணீர் போல ஏதோ கொஞ்சம். இதற்கா இத்தனை ஆர்ப்பாட்டம் என்றுதான் எனக்குத் தோன்றியது.

டாக்டரம்மா விளக்கினார். நம் உடம்பில் நோயை எதிர்க்கிற செல்கள் ஒன்றையொன்று கூப்பிட்டு எழுப்பும். அப்படிக் கூப்பிடுகிற பொருள்களில் ஒன்றுக்கு இன்டர்லூக்கின் என்று பெயர். ஒரு செல் கூப்பிட்டால் போதாது, இன்னொன்றுக்கு அது கேட்க வேண்டும். கேட்பதற்கென்று செல்லின் மேல் ஓர் உறுப்பு முளைக்கும். புத்தகத்தில் அதை ஏற்பி என்கிறார்கள். டாக்டரம்மா 'காது' என்றார். குப்பியில் இருந்த ஆன்டிபாடி, சுண்டெலியை வைத்து ஆக்கியது. மனிதச் செல்லில் அந்தக் காது எங்கே இருக்கிறதோ அங்கே மட்டும் போய் ஒட்டிக்கொள்ளும், வேறெங்கும் ஒட்டாது. அதன்மேல் ஒரு சாயம் ஏற்றினால் காதுள்ள செல்லைச் சுற்றிப் பழுப்பு வளையம் தெரியும். தொழுநோய்க்காரர்கள் சிலருக்கு உடம்பு ஏன் சண்டையே போடுவதில்லை என்று அதில் கண்டுபிடிக்கலாம் என்பது அவர் ஆசை.

அதற்கு நோயாளியின் தோலில் ஒரு மிளகளவு எடுத்து அந்த நிமிடமே உறையவைக்க வேண்டும். வழக்கம்போல ஃபார்மலினில் போட்டால் காதெல்லாம் அழிந்துவிடும். உறையவைக்கத் திரவ நைட்ரஜன் வேண்டும். அதற்கு எங்கே போவது? கடைசியில், மாட்டுக்குச் சினை ஊசி போடும் நிலையத்தில் கேட்டுப் பார்த்தோம். காளை விந்தைப் பாதுகாக்க அவர்களிடம் பெரிய கேன் இருந்தது. எங்கள் பிளாஸ்க்கில் கொஞ்சம் ஊற்றிக் கொடுத்த ஆள், "இதுல என்னத்தப் போடறீங்க?" என்றார். மனுஷத் தோல் என்றேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "எங்க கேனுல மட்டும் அதப் போட்டுராதீங்க, கன்னுக்குட்டி எப்படிப் பொறக்குமோ" என்றார். ஆஸ்பத்திரி வரும்வரை சிரித்துக்கொண்டே வந்தேன்.

அக்காவும் ஒரு மிளகளவு தோல் கொடுத்தாள். நான் அதை மெல்லிசாகச் சீவி, கண்ணாடியில் ஏற்றி, ஆன்டிபாடியைச் சொட்டு விட்டு, ஈரப் பஞ்சு வைத்த டிபன் பாக்ஸில் மூடிவைத்தேன். அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனால் தீர்ந்தது. போகவில்லை. அடுத்தமுறை அக்கா வந்தபோது டாக்டரம்மாவே அவளை நுண்ணோக்கி முன்னால் உட்காரவைத்தார்.

"நீலமா கெடக்குதே, அதெல்லாம் என்னுதுங்களா?" என்று கேட்டாள்.

"உன்னுதுதான் அக்கா. நோயோட சண்டை போடறதுக்குன்னு இருக்கிற செல்லு."

"சண்டை போடற மாதிரி தெரியலயே. சும்மா நிக்குது."

"காது இல்ல. கூப்பிட்டாக் கேக்கறதில்ல. பழுப்பா வளையம் தெரியோணும், அங்க ஒண்ணு இங்க ஒண்ணுதான் இருக்குது பாரு."

அக்கா கண்ணை எடுக்காமலே சொன்னாள்: "அப்ப எழுப்பி உடு. நாமளே எத்தன மாத்திரை முழுங்கறது, அதுங்களும் கொஞ்சம் பாடுபடட்டும்."

டாக்டரம்மா வாய்விட்டுச் சிரித்தார். அக்கா அந்த ஆஸ்பத்திரியில் வாய்விட்டுப் பேசியது அன்றுதான். எனக்கு அன்று நம்பிக்கை வந்தது.

பிறகு ஒரு மாதம் அக்கா வரவில்லை. நிலக்கடலை பிடுங்குகிற காலம், வேலையாக இருக்கும் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். கார்டு போட்டேன். மச்சானிடமிருந்து பதில் வந்தது. உன் அக்காவுக்குக் கையில் அக்கி, எழுதியிருக்கிறது, குணமானதும் வருவாள் என்று இரண்டு வரி. நான் அந்தக் கார்டை டாக்டரம்மாவிடம் நீட்டினேன். அவருக்கு அக்கி என்றால் என்னவென்று தெரியவில்லை. எங்கள் பக்கத்தில் தோல் சிவந்து, தடித்து, நெருப்பாக எரிந்தால் அதை அக்கி என்பார்கள், பானை வனைகிறவர் வந்து காவிக்கல்லைக் குழைத்துக் கோழியிறகால் அதன்மேல் எழுதுவார், அதற்கு டாக்டரிடம் யாரும் போகமாட்டார்கள் என்று சொன்னேன். சொல்லிக்கொண்டிருக்கும்போதே இருவருக்கும் புரிந்துவிட்டது.

"எந்தக் கை?" என்றார்.

அன்றே கிளம்பினேன். சேலம், நாமக்கல், சேந்தமங்கலம் என்று மூன்று பஸ் மாறி, அங்கிருந்து நடந்துபோய்ச் சேர்ந்தபோது வெயில் தாழ்ந்திருந்தது. வீட்டின் உள் ஆசாரத்தில் கயிற்றுக்கட்டிலில் அக்கா உட்கார்ந்திருந்தாள். தோளிலிருந்து மணிக்கட்டுவரை செக்கச்செவேல் என்று காவி. மாமியார் கட்டிலோரம் உட்கார்ந்து உப்பில்லாத மோர்ச்சோற்றைப் பிசைந்து அவளுக்கு ஊட்டிக்கொண்டிருந்தார். குழந்தை அம்மாவின் கையில் எழுதியிருந்த காவிக் கோடுகளைத் தொடாமல் காற்றிலேயே விரலால் வரைந்து பார்த்துக்கொண்டிருந்தது.

"வா கண்ணு," என்றார் மாமியார். "உன்ற அக்காளப் பாரு. இத்தன பெரிய அக்கிய என்றகிட்டச் சொல்லாம மறைச்சு வெச்சிருந்திருக்கா. தண்ணி எறைக்கயில ரவிக்க நனைஞ்சு நாந்தான் பாத்தேன். சொன்னா நான் என்ன கடிச்சா தின்னுபோடுவேன்?"

அக்கா என்னைப் பார்க்கவில்லை.

நடந்ததை அவள் பிறகு துண்டு துண்டாகச் சொன்னாள். படை சிவந்த அன்றே அவளுக்கு டாக்டரம்மா சொன்னது ஞாபகம் வந்திருக்கிறது. மறுநாள் பஸ் ஏறிவிட நினைத்திருக்கிறாள். அதற்குள் மாமியார் கண்ணில் பட்டுவிட்டது. உயிரே போய்விட்டது என்று அவள் நின்றபோது, மாமியார் வாயிலிருந்து வந்த வார்த்தை அக்கி. "எரியுதா சாமி?" என்று கேட்டிருக்கிறார். அந்தப் படையில் நெருப்பு வைத்தாலும் தெரியாது. "எரியுதுங்கத்தை" என்று சொல்லிவிட்டாள்.

காவி எழுதினால் அது தானாக உதிரும்வரை தண்ணீர் படக்கூடாது, வெயில் படக்கூடாது, வாசல் தாண்டக்கூடாது, வேறு மருந்து வாயில் வைக்கக்கூடாது. முதல்முறை எழுதியது உதிர்ந்தும் சிவப்புப் போகவில்லை என்று மறுபடியும் எழுதினார்கள். மாமியார் ராத்திரி பகல் பக்கத்திலேயே இருந்தார். ராகிப் பானைப் பக்கம் அக்காவால் போக முடியவில்லை.

"சொல்லிப்போட்டு ஓடி வந்திருக்கலாமில்ல?" என்று நான் பிறகு கத்தினேன்.

"என்னன்னு சொல்றது?" என்றாள். பிறகு, "அத்தை சோறூட்டுனாங்க கண்ணு. வருஷக்கணக்கா ரவிக்கக் கையை இழுத்து இழுத்து உட்டுட்டே இருந்தேன். மொதத் தடவையா அந்தக் கையை எல்லாரும் பாக்க வெச்சிட்டு உக்காந்திருந்தேன். இன்னும் ரெண்டு நாள் இருந்துக்கலாம், இன்னும் ரெண்டு நாள்னு..." என்றாள்.

அன்று அந்த வீட்டில் நின்றபோது நான் பார்த்தது காவியை அல்ல. அவள் மடியில் கிடந்த கையின் சுண்டுவிரலையும் மோதிரவிரலையும்தான். இரண்டும் உள்பக்கமாக மடங்கியிருந்தன. நிமிர்த்து என்று கண்ணால் சைகை காட்டினேன். அவள் நிமிர்த்தப் பார்த்தாள். அசையவில்லை.

மாமியாரும் அதைக் கவனித்திருந்தார். "அக்கி நரம்புக்குள்ள எறங்கிருச்சு போல" என்று அவரே கவலைப்பட்டார். எங்கள் ஆஸ்பத்திரியில் அதற்கு மாத்திரை இருக்கிறது, இன்றே கூட்டிப்போகிறேன் என்றேன். காவி உதிராமல் வாசல் தாண்டக்கூடாது என்று முதலில் மறுத்தார். பிறகு மருமகளின் விரலைப் பார்த்தார். "சரி, நடங்க. நானும் வாரேன். ஒத்தயா எப்படி உடறது?" என்று சீலையை உதறிக் கட்டிக்கொண்டார். மச்சான் வாயைத் திறக்கவில்லை. அவர் திறந்திருக்கலாம். நானும் எதையாவது சொல்லி மாமியாரை நிறுத்தப் பார்த்தேன். அந்த அம்மாளின் பாசத்தை நிறுத்த எங்கள் இருவருக்கும் வழி தெரியவில்லை.

பொழுது போய்விட்டதால் அன்று சேலத்தில் என் அறையில் தங்கினோம். காலையில் ஆத்தூர் பஸ். அக்காவின் காவிக் கை வெயில் படாமல் இருக்க மாமியார் தன் முந்தானையால் மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் நிறுத்தத்தின் பெயரைச் சொன்னேன். கண்டக்டர் மூன்று டிக்கெட்டையும் வழக்கம்போல ஓரத்தில் நுனிவிரலால் பிடித்து நீட்டினார். மாமியார் அந்த விரலைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். ஆனால் முந்தானையை எடுக்கவில்லை.

இறங்கியதும் எதிரே ஆஸ்பத்திரி வாசல். விரல் இல்லாத கைகளோடு இரண்டு மூன்று பேர் காலை வெயிலில் உட்கார்ந்திருந்தார்கள். எனக்கு அவர்கள் தினமும் பார்க்கிற முகங்கள், அதில் ஒருவர் எனக்கு வணக்கம்கூடச் சொன்னார். மாமியார் ரோட்டோரத்திலேயே நின்றுவிட்டார். தன் வலது கையைத் தூக்கிப் பார்த்தார். எதிர்த்த டீக்கடைக்குப் போய், "கை கழுவக் கொஞ்சம் தண்ணி ஊத்துங்" என்றார். கடைக்காரர் ஊற்ற ஊற்றக் கழுவிக்கொண்டே இருந்தார். எதிர்ப்பக்கம் சேலம் பஸ் வந்தது. ஏறிக்கொண்டார்.

அக்கா கடைசிவரை பார்த்துக்கொண்டு நின்றாள். "நம்மகூட உள்ள வாராங்கன்னு நெனச்சேன்" என்றாள்.

காவியை நான்தான் கழுவினேன். தண்ணீர் பட்டதும் உடனே போய்விட்டது. அடியில் படை வீங்கிச் சிவந்திருந்தது. டாக்டரம்மா மாத்திரையை ஆரம்பித்துவிட்டு, மறுபடியும் ஒரு மிளகளவு தோல் கேட்டார். அக்கா கொடுத்தாள். அதே நைட்ரஜன், அதே குப்பி, அதே டிபன் பாக்ஸ். இந்தமுறை கண்ணாடியை நுண்ணோக்கியில் வைத்துக் குனிந்தேன். எங்கே பார்த்தாலும் பழுப்பு. கூட்டம் கூட்டமாக, வளையம் வளையமாக. அத்தனை செல்லுக்கும் காது முளைத்திருந்தது. நான் அதுவரை சாயமேற்றியதிலேயே அவ்வளவு தெளிவான ஸ்லைடு வேறு இல்லை.

டாக்டரம்மா குனிந்து பார்த்தார். "அடடா, எவ்வளவு அழகா இருக்கு!" என்றார். சொன்ன பிறகுதான் யாருடையது என்பது அவருக்கு உறைத்தது. என் தோளில் கை வைத்தார். நான் தட்டிவிட்டேன்.

படை சிவப்பது நோய் முற்றுவதால் அல்ல. தூங்கிய செல்கள் எழுந்துவிட்டதால்தான். எழுந்தவை கிருமியை அடிக்கப் போகின்றன, கிருமி நரம்புக்குள் இருக்கிறது, அடி நரம்பின் மேலும் விழுகிறது. அதைத்தான் வேறு மாத்திரை கொடுத்து உடனே அடக்க வேண்டும். இதெல்லாம் எனக்கு முன்பே தெரியும். தெரிந்திருப்பது வேறு, அக்காவின் தோலில் அதைப் பார்ப்பது வேறு. அந்த ஆன்டிபாடி மேல் எனக்கு அர்த்தமில்லாத ஆத்திரம் வந்தது. எழுந்துவிட்டது என்று காட்டுவதற்கு மட்டும்தான் அதனால் முடிந்தது, வேறு எதற்கும் அது உதவவில்லை.

அக்காவும் கேட்டாள். "எழுந்துருச்சா?"

"எழுந்துருச்சு."

"நாந்தான எழுப்பி உடச் சொன்னேன்," என்று சிரிக்கப் பார்த்தாள். என்னால் அங்கே நிற்க முடியவில்லை. வெளியே வந்து வேப்பமரத்தடியில் உட்கார்ந்து அழுதேன்.

மாதக்கணக்கில் மாத்திரை, மெழுகு ஒத்தடம், விரலுக்குச் சிம்பு. வீக்கம் வடிந்தது, சிவப்புப் போயிற்று, படை கொஞ்சம் கொஞ்சமாக மறைந்தது. விரல் இரண்டும் நிமிரவில்லை. டாக்டரம்மா சொன்னபடியேதான் எல்லாம் நடந்தது. அந்த ஸ்லைடின் படம் வெளிநாட்டுப் பத்திரிகை ஒன்றில் வந்தது. கீழே ஒரு பெண், இன்ன வயது என்று மட்டும் போட்டிருந்தது.

அந்த மாதங்களில் சேந்தமங்கலம் பக்கத்திலிருந்து அக்காவைப் பார்க்க வந்தது ஒரே ஆள், காவி எழுதியவர். விஷயம் ஊரில் எப்படியோ கசிந்திருந்தது. அவரைப் பார்த்ததும் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்க வேண்டும் என்றுதான் போனேன். மனுஷர் அக்கா கட்டிலிலேயே உட்கார்ந்து, மடங்கிய விரலை எடுத்துத் தன் உள்ளங்கையில் வைத்துக்கொண்டிருந்தார். "அக்கின்னு நெனச்சுத்தான் எழுதுனேன் தாயி. தெரிஞ்சிருந்தா அன்னைக்கே வண்டி கட்டி அனுப்பியிருப்பனே" என்றார். டீ வாங்கிக் கொடுத்தேன்.

மருந்துக் காலம் முடிந்தது. காது மடலில் நானே கீறிப் பார்த்தேன், ஒரு கிருமியும் இல்லை. இனி இவரால் யாருக்கும் தொற்றாது என்று டாக்டரம்மா கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். மச்சான் வந்து அந்தத் தாளைப் படித்தார், மடித்துச் சட்டைப் பையில் வைத்தார், அக்காவின் கையைப் பார்த்தார். "அம்மா ஒத்துக்கமாட்டாங்க" என்றார். அக்கா ஆஸ்பத்திரிக் குடியிருப்பிலேயே தங்கிவிட்டாள். சமையல் கூடத்தில் காய் அரிகிற வேலை, இடது கையால் பழகிக்கொண்டாள்.

குழந்தைக்குக் காது குத்துகிற சீர் வந்தது. குலதெய்வக் கோயிலில் கிடா வெட்டு, ஊரே வந்திருந்தது. அழைப்பு எங்கள் அம்மா அப்பாவுக்கும் எனக்கும் மட்டும். போகமாட்டேன் என்று குதித்தேன். அக்காதான், "நீ போயிட்டு வா. எம்பட புள்ள அழுவாளான்னு பாத்துட்டு வந்து சொல்லு" என்றாள். கூட்டத்தின் நடுவே நின்று எல்லோரையும் நாக்கு வறளக் கேட்டுவிட்டு வருவது என்று முடிவு செய்துதான் போனேன். கிருமி இல்லை, காகிதம் இருக்கிறது, விரல் மடங்கினால் என்ன கெட்டுப்போயிற்று என்று கேட்க வேண்டும். வழியெல்லாம் வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன்.

குழந்தை அழவில்லை. குத்தி முடிந்ததும் வாயில் வெல்லத்தோடு நேரே என்னிடம் ஓடிவந்தது.

"சித்தி, அம்மாளுக்கு அக்கி உதுந்துருச்சா?"

எனக்குப் புரியவில்லை.

"அக்கி எழுதுனா உதுந்தாத்தான் வாசல் தாண்டோணும்னு அப்பத்தா சொல்லுச்சு. அதனாலதான அம்மா ஊட்டுக்கு வரல?"

நான் நிமிர்ந்து பார்த்தேன். குழந்தைக்குப் பின்னால் மாமியார் சீர்த்தட்டோடு நின்றிருந்தார். என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த முகத்தில் மிரட்டல் இல்லை. அவரும் அந்தக் குழந்தைக்கு வேறு எதைச் சொல்வது என்று தெரியாமல்தான் அதைச் சொல்லியிருந்தார்.

"இன்னும் உதிரல சாமி," என்றேன்.

மறுநாள் குடியிருப்புக்குப் போனபோது அக்கா காய்க்கூடைக்கு முன்னால் காத்திருந்தாள். அழவில்லை என்று சொன்னேன். தோடு எந்த மாதிரி என்று கேட்டாள், சொன்னேன். "என்னயக் கேட்டாளா?" என்றாள். அதையும் சொன்னேன், நான் என்ன பதில் சொன்னேன் என்பதையும் சொன்னேன். என்னைத் திட்டுவாள் என்று நினைத்தேன், திட்டட்டும் என்றும் நினைத்தேன்.

அக்கா கத்தரிக்காயை எடுத்துக் காம்பை நறுக்கினாள்.

"அப்படிச் சொன்னதே நல்லது கண்ணு," என்றாள். "உதுந்துருச்சுன்னு சொல்லியிருந்தா, அப்பறம் ஏன் வரலைன்னு கேட்டிருப்பா."